முதலில் பயாப்ஸி, அப்புறம்தான் ஆபரேஷன்

மார்பில் கட்டி என்று தெரிந்ததும் சுற்றியிருப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: "சட்டுனு எடுத்துப் போட்டுடு." நான் முதலில் பார்த்த டாக்டரும், வெட்டி எடுத்துவிட்டு அதைச் சோதனைக்கு அனுப்பலாம் என்றார். மனசு கேட்கவில்லை. புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போனேன். அங்கே என் சிகிச்சையின் வரிசையே மாறியது. அந்த வரிசை எனக்கு எவ்வளவு உதவியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டி குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. துளியும் வலி இல்லை. வலிக்கவில்லை என்றால் பயமில்லை என்று நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கினால் அந்த இடத்தில் தோல் லேசாக உள்ளே இழுத்தது. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லைதான். ஆனால் எது சாதாரணக் கட்டி, எது இல்லை என்பதைத் தொட்டுப் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மாமோகிராமில் என் கட்டி சரியாகத் தெரியவில்லை. அடர்த்தியான மார்பு என்றார்கள். அந்தப் படத்தில் அடர்த்தியான திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. கூடவே அல்ட்ராசவுண்ட் எடுத்ததில்தான் ஓரம் பிசிறடித்த கறுப்பு உருவமாகத் தெரிந்தது. கையில் கட்டி தட்டுப்படும்போது மாமோகிராம் ஒன்றும் காட்டவில்லை என்றால், அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். ரிப்போர்ட்டின் கடைசியில் பை-ராட்ஸ் என்று, புற்றாக இருக்கும் சந்தேகம் எவ்வளவு என்று சொல்லும் ஓர் எண் இருக்கும். 4 அல்லது 5 என்றால் அடுத்தது பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து சின்னத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது. எனக்கு 5.

ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று வீட்டில் ஒரே பயம். டாக்டர் பொறுமையாக விளக்கினார்: ஊசி பயாப்ஸி செய்துகொண்டதால் நோயாளிகளின் நிலைமை மோசமானதாக ஆய்வுகள் காட்டவில்லை, ஆனால் என்ன வகை என்று தெரியாமல் அறுத்தால் நல்ல சிகிச்சை வழி ஒன்று அடைபட்டுவிடலாம். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, அல்ட்ராசவுண்ட் பார்த்தபடியே ஊசியை விட்டார்கள். 'டக்' என்று ஒரு சத்தம், ஓர் அழுத்தம், அவ்வளவுதான். அந்தச் சின்ன ஃபார்மலின் பாட்டிலை எட்டிப் பார்த்தேன். வெள்ளை நூல் துண்டுகள் மாதிரி ஏதோ அடியில் கிடந்தன.

புற்றுநோய் என்று முதல் ரிப்போர்ட் வந்தது. அன்று அழுததை விவரிக்கப் போவதில்லை. அதைவிட முக்கியம், அப்புறம் வந்த ஐஹெச்சி ரிப்போர்ட். புற்றணுவில் எந்தெந்தப் புரதங்கள் இருக்கின்றன என்று பார்க்கும் சோதனை அது. ஈஆர், பிஆர், ஹெர்2 என்று மூன்று வரிகள். முதல் இரண்டும் ஹார்மோனை நம்பி வளரும் புற்றா என்று சொல்பவை. எனக்கு இரண்டும் நெகட்டிவ். மூன்றாவதான ஹெர்2, புற்றணுவை வேகமாக வளரத் தூண்டும் புரதம். அது மட்டும் 2+. அது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. ஃபிஷ் என்று மரபணு அளவில் பார்க்கும் இன்னொரு சோதனை செய்தால்தான் தெரியும். ஏற்கெனவே நாள் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று பதறினேன். சரியான விவரத்துக்காக ஓரிரு வாரம் காத்திருப்பதால் கெடுதல் இல்லை, தவறான சிகிச்சையில் இறங்கினால்தான் கெடுதல் என்றார் டாக்டர். ஃபிஷ் பாசிட்டிவ் என்று வந்தது, அதாவது என்னுடையது ஹெர்2 வகை.

ஒரு காலத்தில் ஹெர்2 வகை என்றாலே டாக்டர்கள் கவலைப்படுவார்கள், வேகமாகப் பரவும். 1998-ல் ஹெர்2-வைக் குறிவைக்கும் டிராஸ்டுஸுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. இன்று அந்த வகைக்கென்றே பல மருந்துகள் இருக்கின்றன. கட்டி 2 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்ததால் எனக்குக் கீமோவும் டிராஸ்டுஸுமாப்பும் முதலில், ஆபரேஷன் பிறகு என்று முடிவானது. கட்டியை உள்ளேயே வைத்துக்கொண்டு மருந்து ஏற்றுவதா என்று வீட்டில் எல்லோரும் திகைத்தார்கள். ஆனால் கட்டி உள்ளே இருந்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியும். சுருங்கினால் மார்பை முழுதாக எடுக்க வேண்டிய அவசியமும் குறையும். ஆபரேஷனில் புற்று மிச்சமிருந்தால், அதற்கேற்ப அடுத்த மருந்தை மாற்றுவார்கள். முதலிலேயே வெட்டி எடுத்திருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது. கீமோவுக்கு முன் கட்டிக்குள் எள்ளளவு கிளிப் ஒன்றை வைத்தார்கள். கட்டி மறைந்துபோனாலும் எங்கே இருந்தது என்று தெரிய வேண்டுமல்லவா?

கீமோ கஷ்டம்தான். முடி போனது, வாயில் புண் வந்தது, விரல் நுனிகள் மரத்துப்போயின. வெள்ளையணு கூடுவதற்காகப் போடும் ஊசியால் இடுப்பெலும்பில் குடைச்சல் எடுத்தது. இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காலைவரை பொறுக்கவே கூடாது. வெள்ளையணு இறங்கியிருக்கும் நேரத்தில் சாதாரணத் தொற்றும் உயிருக்கு ஆபத்து. எனக்கு ஒரு ராத்திரி அப்படி ஆகி உடனே கிளம்பினோம். ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்ததும் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள்.

ஆபரேஷன் நேரத்தில் பழைய பேச்சு திரும்ப வந்தது: "முழுசா எடுத்துட்டா நிம்மதி." கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், முழு மார்பை எடுத்தாலும், ஆரம்ப நிலையில் உயிர் பிழைப்பதில் வித்தியாசமில்லை என்று அமெரிக்காவிலும் மிலானிலும் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் 2002-லேயே வந்துவிட்டன. அதைப் படித்த பிறகு எனக்கு முடிவெடுப்பது சுலபமாக இருந்தது. அக்குளிலும் மொத்தமாகச் சுரண்டி எடுக்காமல், நீலச் சாயம் செலுத்தி முதலில் சாயம் போய்ச் சேரும் நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகும் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார், சொல்லாவிட்டால் அலறியிருப்பேன். எடுத்த திசுவில் உயிருள்ள புற்றணு இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

கதிர்வீச்சு பெரிய தொந்தரவில்லாமல் முடிந்தது. டிராஸ்டுஸுமாப் மொத்தம் ஒரு வருடக் கணக்கு. அது இதயத்தைச் சோர்வாக்கலாம் என்பதால் இடையிடையே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கிறார்கள்.

எதனால் வந்தது என்று இன்னும் கேட்கிறார்கள். மது, மாதவிடாய் நின்ற பின் ஏறும் எடை, உடலுழைப்பு இல்லாதது எல்லாம் ஆபத்தைக் கூட்டும். தாய்ப்பால் கொடுப்பது ஓரளவு குறைக்கும். அதையெல்லாம் கவனித்தவர்களுக்கும் வருகிறது. பரம்பரையாக வருவது 100-ல் 5 முதல் 10 வரைதான். எனக்கு இளம் வயதிலேயே வந்ததால் பரம்பரைப் புற்றுக்குக் காரணமாகும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருக்கிறதா என்று சோதனை செய்தோம், நெகட்டிவ். இருந்தாலும் தங்கைக்கு வந்தது அக்காவுக்கும் கொஞ்சம் ஆபத்தைக் கூட்டும் என்பதால், அக்கா மாமோகிராமும் அல்ட்ராசவுண்டும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள். ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு எனக்குப் போன் செய்தாள்: "பை-ராட்ஸ் 2 போட்டிருக்குடி, அப்படின்னா?" சாதாரணம்தான், பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த வருடம் மறக்காமல் திரும்ப எடு என்றேன்.