அம்மா வர்றதுக்குள்ள

மே 19
பெட்டி ஹால்லயே கெடக்கு. பிரிக்க தெம்பு இல்ல.

மே 20
நைனா ஆஸ்பத்திரிக்கு கெளம்பினதும் பிரிச்சேன். ஒன்றரை மீட்டர் நீளப் பெட்டி, பெங்களூர் நாகசந்திரா ஐக்கியா கடைல இருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் என் தோள இடிச்சிக்கிட்டே வந்தது, தம்பி பின்சீட்ட மடக்கி முன்சீட் வரைக்கும் நீட்டி வச்சிருந்தான். "அக்கா, அம்மாவ பாக்க வந்துட்டு அலமாரி வாங்க ஊரோட அந்தக் கோடிக்கு போறமே"ன்னு அத்திப்பள்ளி தாண்டற வரைக்கும் பேசினான். நான் பதில் சொல்லல. 1956ல கில்லிஸ் லுண்ட்கிரென்னு அந்த கம்பெனிக்காரர் ஒருத்தர் மேஜை கார்ல ஏறலன்னு அதோட காலையே கழட்டி வச்சாராம், பிரிச்சு பெட்டில போட்டு விக்கற பழக்கம் அங்க அப்படித்தான் வந்ததுன்னு படிச்சிருக்கேன். கழட்டினத திரும்ப மாட்டிக்கலாம்ங்கற தைரியம் அவருக்கு.

வாங்கினது கல்லாக்ஸ்ங்கற அலமாரி, நாலு அறை. நிக்க வைக்க இல்ல, படுக்கப் போட. 147 செ.மீ நீளம், 39 ஆழம், படுத்தா 42 உயரம். மேல உக்காரலாம், கீழ அம்மாவோட துணி, மாத்திரை எல்லாம். இரும்பு பீரோ இனிமே ஆகாது, கைப்பிடிய திருப்பிக்கிட்டே கதவ இழுக்கணும், அதுக்கு ரெண்டு கை வேணும், அம்மாவுக்கு இப்ப இடது கை மட்டும் தான் வேல செய்யுது.

மே 21
அம்மா வாயில இன்னிக்கும் "சாவி"ங்கற ஒரே வார்த்தை தான்.

மே 22
உயரம் உயரம் உயரம். ராத்திரி முழுக்க இதே. பிசியோதெரபி பொண்ணு சொன்னது, உக்கார்ற இடம் முட்டிய விட ஒரு விரக்கடை ரெண்டு விரக்கடை மேல இருக்கணும், தாழ்வா இருந்தா எந்திரிக்க முடியாது. அம்மா முட்டி உயரம் எவ்ளோன்னு நைனாக்கு போன் பண்ணி கேட்டேன். டேப்பு இல்ல, சாண் வச்சு அளந்திருக்காரு. "ரெண்டு சாணு, கொஞ்சம் கூட." அவர் சாண் எவ்ளோன்னு சாயங்காலம் வந்ததும் கைய தரைல விரிக்க வச்சு அளந்தேன். இருபத்திரெண்டு. அப்போ நாப்பத்தஞ்சுன்னு வச்சிக்கலாம்.

42 அப்படியே போட்டா பத்தாது. அதுவும் இல்லாம நம்ம வீட்ல வெள்ளிக்கிழமைக்கு தண்ணி ஊத்தித் தான் கழுவுவோம், இந்தப் பலகையெல்லாம் மரத்தூள ஒட்டி அழுத்தினது, உள்ள சில இடத்துல வெறும் தேன்கூடு மாதிரி பேப்பர் தான், ஓரத்துல ஒரு தடவ தண்ணி ஏறி ஊதிடுச்சின்னா அப்புறம் எத போட்டு தேச்சாலும் உள்ள போகாது. தரைய விட்டு தூக்கணும். எதால தூக்கறது. மரம் போட்டா மரமும் ஊறும்.

மே 23
கிரானைட்! இத்தனை நாள் தோணல பாரு. சென்னை ரோட்டு பாலிஷ் பட்டறைல ஓரத்துல குவிச்சு வச்சிருக்கற துண்டு. பாரடைஸோ கல்லு, ஊதா சுழி சுழியா இருக்கறது. பட்டறை அண்ணன் எதுக்கும்மான்னு கேட்டாரு, சொன்னேன், காசு வேணாம்னுட்டாரு. ஒவ்வொரு துண்டும் ரெண்டு செ.மீ கனம். ரெண்டு ரெண்டா ஒட்டினா நாலு. அதுக்கு மேல முழு நீளத்துக்கு ஒரு ப்ளைவுட், அதுக்கு மேல அலமாரி, ஏன்னா அடிப்பலகை உள்ள காலி, நேரா கல்லு மேல வச்சா வெயிட்டு ஒரே இடத்துல எறங்கி அமுங்கிடும். 42, 4, ப்ளைவுட் ஒன்னே கால், மெத்தை ஒரு இஞ்சு. கிட்டத்தட்ட அம்பது. உக்காந்தா மெத்தை அமுங்கும், நாப்பத்தெட்டுக்கு வந்துடும்.

சரியா இருக்கும்னு நெனக்கிறேன்.

மே 24
பெயிண்ட் ஒட்டவே இல்ல. நல்லவேளை ஒரு கதவோட பின்பக்கம் தான் அடிச்சு பாத்தேன், நகத்தால கீறினா பாம்பு சட்டை மாதிரி உரிஞ்சு வருது. எதிர்வீட்டு பெயிண்டர் மாமா வந்து பாத்துட்டு "மினுமினுப்ப எடுக்காம அடிச்சா எந்தக் கம்பெனி பெயிண்டும் நிக்காதும்மா"ன்னாரு. 180 நம்பர் உப்புத்தாள். அழுத்தித் தேச்சா மேல இருக்கற தோலு கிழிஞ்சு தூளு வந்துடும், தடவற மாதிரி தேய்க்கணும், கைய வச்சா சொரசொரன்னு வரணும், பளபளப்பு போனா போதும். ஈரத்துணி நல்லா பிழிஞ்சு துடை, காயவிடு, வுட் பிரைமர் ஒன்னு, மறுபடி மெலிசா தேய், அப்புறம் கலர் ரெண்டு கோட்டு, ஸ்பாஞ்சு ரோலர்ல.

மத்தியானம் ஆரம்பிச்சு ஏழு மணிக்கு முடிச்சேன். மூக்கு, தலை, சாம்பார் எல்லாத்துலயும் வெள்ளத் தூளு. தேய்க்கும் போது ஒன்னுமே தோணல, அந்த அஞ்சு மணி நேரம் எனக்கு ரொம்ப தேவப்பட்டது.

மே 25
மழை. பிரைமர் காயல. ஃபேன் ரெண்டையும் அது பக்கமே திருப்பி வச்சிட்டு நாங்க புழுக்கத்துல படுத்திருக்கோம்.

மே 27
அம்மாவால எழுத்து படிக்க முடியலையாம். பேப்பர காட்டினா படம் இருக்கற பக்கத்த மட்டும் பாக்கறாங்களாம். நான் "மாத்திரை", "துணி"ன்னு அழகா ஸ்டென்சில் வெட்டி வச்சிருந்தேன். அப்படியே மடிச்சு குப்பைல போட்டேன்.

படம் தான். ஆனா மாத்திரை படம், சேலை படம்னு பால்வாடி சுவரு மாதிரி வரைஞ்சு வைக்க மனசு வரல, அவங்க அம்பத்தெட்டு வயசு மனுஷி, ரெண்டு குடும்பத்துக்கு கணக்கு பாத்தவங்க. அப்ப தான் மல்லப்பாடி ஞாபகம் வந்தது. அம்மா ஊரு பர்கூர் பக்கம். சின்ன வயசுல பாறைக்கு கூட்டிட்டுப் போயி காட்டுவாங்க, வெள்ளைல வரைஞ்ச குதிரை, மேல ஆளுங்க, கைல ஆயுதம், ரெண்டு பேரும் எதிரெதிர. எத்தனையோ காலத்துக்கு முன்னாடி யாரோ வரைஞ்சது, கோடு தான், ஆனா குதிரைன்னு குழந்தைக்கும் தெரியும். அந்த மாதிரி வரையலாம். அடில செம்மண் கலர், மேல வெள்ளக் கோடு. மொத கதவுக்கு குதிரை, அது துணி. ரெண்டாவதுக்கு மாங்கா கொத்து, அது மாத்திரை, டெய்லி சாப்பாட்டுக்கு அப்புறம் தானே. மூணாவது அப்புறம் பாத்துக்கலாம். நாலாவதுக்கு கதவே வேணாம், தண்ணி சொம்பு தெரியற மாதிரி இருக்கட்டும்.

மே 28
குதிரை கழுதை மாதிரி வந்துடுச்சு. அழிச்சிட்டேன். மறுபடி.

மே 29
என் வலது கைய துப்பட்டால முதுகுக்கு பின்னாடி கட்டிக்கிட்டேன். காலைல பல் தேய்க்கறதுல இருந்து ராத்திரி வரைக்கும் இடது கை மட்டும். கடைல வாங்கி வச்ச குமிழ் பிடி அத்தனையும் வேஸ்ட், விரல் நுனில பிடிக்கணும், பலமில்லாத விரல் வழுக்கிடும். அம்மாவோட பழைய நூல் சேலைய கிழிச்சு முறுக்கி வளையமா கட்டினேன். மொதல்ல சின்னது, விரல் தான் போச்சு. அப்புறம் கை முழுசா உள்ள போயி மணிக்கட்டுல மாட்டற அளவுக்கு பெருசா. பிடிக்கவே வேணாம், கைய விட்டு ஒடம்ப சாச்சா கதவு தொறக்குது. காந்த கேட்ச் ரொம்ப இறுக்கம், ரெண்டுல ஒன்ன கழட்டிட்டேன்.

நைனா வந்து கட்டின கைய பாத்தாரு. ஒன்னும் கேக்கல. வெளில போயி உக்காந்துட்டாரு.

மே 30
ஸ்க்ரூ முறுக்கற ஆலன் கீய காணோம். நடுப்பலகைய முறுக்க முடியாம ரெண்டு மணி நேரம் வீட்டையே கவுத்தேன். கடசில பாத்தா நைனா சட்டைப் பாக்கெட்ல. வீட்ல இருக்கற சாவி எல்லாத்தையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு, பீரோ சாவி, கேட்டு சாவி, வண்டி சாவி, வித்துட்ட பழைய வீட்டு சாவி, இதும் ஒரு சாவின்னு சொல்றாங்களேன்னு அதையும். எல்லாத்தையும் பெட் மேல பரப்பி இதா இதான்னு காட்டியிருக்காரு. அம்மா இடது கையால அத்தனையும் தள்ளி விட்டுட்டு, ஜன்னல பாத்து "சாவி, சாவி"ன்னு அழுதாங்களாம்.

பேச்சு பழக்கற மேடம் சொன்னாங்க, சில பேருக்கு ஒரே வார்த்தை மாட்டிக்கும், தண்ணின்னாலும் அது தான் வரும், வலின்னாலும் அது தான், திருத்தாதீங்க, கண்ணையும் கையையும் பாருங்கன்னு. புரியுது. ஆனா முப்பது வருஷம் இடுப்புல சாவிக் கொத்து சொருகியிருந்தவங்களுக்கு வந்து மாட்டின வார்த்தை ஏன் இதுவா இருக்கணும்.

ஜூன் 1
மூணாவது கதவுக்கு பூட்டு வைக்கறேன்னு தம்பி கிட்ட சொன்னேன். "ஒரு கைல எப்படி அக்கா பூட்டுவாங்க, எல்லாத்தையும் ஈசியா பண்ணிட்டு இத மட்டும் ஏன் கஷ்டமா பண்ற"ங்கறான். அவன் சொல்றது சரி தான். இருந்தாலும் வைக்கப் போறேன்.

ட்ரில் பிட்டு மழுங்கினது, வெளிப்பக்கம் பிஞ்சு பெயிண்டோட செதில் செதிலா வந்துடுச்சு. பின்னாடி ஒரு கட்டைய முட்டுக் குடுத்துட்டு போட்டிருக்கணும், தெரியும், அவசரம். உக்காந்து அழுதேன். அப்புறம் தேச்சப்ப வந்த தூளு கொஞ்சம் எடுத்து ஃபெவிகால்ல பிசைஞ்சு அடைச்சேன். ஸ்க்ரூ ஓட்டை ரெண்டு லூசாயிடுச்சு, தீக்குச்சிய பசைல தோய்ச்சு உள்ள திணிச்சு காயவிட்டு திருப்பினா கப்புனு பிடிச்சிக்குது.

ஜூன் 2
பூட்டு நிக்குது. சாவி திரும்புது.

ஜூன் 3
அம்மாவ வீட்டுக்கு அனுப்பறது வியாழக்கிழமைன்னாங்க, இப்ப சனிக்கிழமைங்கறாங்க. ஏன்னு சொல்லல.

ஜூன் 4
வாசனை போகல. தொட்டா ஒட்டல, ஆனா உள்ள இறுகறதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும்ங்கறாரு பெயிண்டர் மாமா. எனக்கு இருக்கறது மூணு நாளு. கதவையெல்லாம் கழட்டி மொட்டை மாடி நெழல்ல சாத்தி வச்சிருக்கேன், வெயில்ல வச்சா நெளியுமோன்னு பயம். மெத்தை தச்சு வந்துடுச்சு. சுவத்துல எல் பட்டை ரெண்டு அடிச்சு கட்டியாச்சு, கைய ஊணி எந்திரிக்கறப்ப நகரக் கூடாது. நைனா மேல உக்காந்து, வலது கைய மடில போட்டுக்கிட்டு, எந்திரிச்சு காட்டினாரு. மறுபடி உக்காந்தாரு. மறுபடி. அவருக்கும் முட்டி வலி, போதும் நைனான்னாலும் கேக்கல.

"ஆடல"ன்னாரு.

ஜூன் 6
கதவு மாட்டியாச்சு. குதிரை நல்லா வந்திருக்கு, நாலாவது தடவ. மூணாவது கதவு மட்டும் வெறும் செம்மண் கலர், என்ன வரையறதுன்னு கடசி வரைக்கும் தெரியல. உள்ள என்ன வைக்கறதுன்னும். நைனா ஒன்னும் சொல்லாம அந்தப் பழைய வீட்டு சாவிய உள்ள வச்சிட்டு போனாரு.

பூட்டுச் சாவிய சேலைத் துணில கோர்த்து வச்சிருக்கேன். இடுப்புல சொருகறதுக்கும் கொசுவத்த ஒரு கை பிடிக்கணும். கழுத்துல மாட்டினா பிடிக்குமா, மணிக்கட்டுலயா. தம்பி போன் பண்றான்