ஆர்செனிக் பாக்டீரியமும் ஒரு திறந்த குறிப்பேடும்

உயிர்களின் டிஎன்ஏவில் பாஸ்பரஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்செனிக்கை வைத்துக்கொண்டு வாழக்கூடிய பாக்டீரியம் ஒன்றைக் கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியிலிருந்து பிரித்தெடுத்ததாக ஃபெலிசா வுல்ஃப்-சைமன் குழுவினர் 2010 டிசம்பரில் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் அறிவித்தபோது, அதற்காக நாசா செய்தியாளர் கூட்டமே நடத்தியது. சில நாள்களுக்குள், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் ரோசி ரெட்ஃபீல்டு அந்தக் கட்டுரையைத் தம் வலைப்பதிவில் நுணுக்கமாக ஆராய்ந்து, டிஎன்ஏ போதிய அளவு தூய்மைப்படுத்தப்படவில்லை என்றும், வளர்ப்புக் கரைசலில் மாசாக இருந்த சிறிதளவு பாஸ்பேட்டே (பாஸ்பரஸ் சேர்மம்) அந்த வளர்ச்சிக்குப் போதுமானது என்றும் எழுதினார். விவாதம், துறை வல்லுநர்கள் சரிபார்த்த பிறகே கட்டுரைகளை வெளியிடும் சக மதிப்பாய்வு இதழ்களில்தான் நடக்க வேண்டும் என்பதே மறுதரப்பின் பதிலாக இருந்தது. இணையத்தில் சிலர் ஆய்வை விட்டுவிட்டு ஆய்வாளரையே தாக்கியதை நினைத்தால் அந்தத் தயக்கம் புரிகிறது; ஆனால் ஒரு குறை எங்கே சுட்டப்பட்டது என்பதை வைத்து அதன் வலுவை அளப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. எட்டு விமர்சனக் குறிப்புகள் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவர அடுத்த ஆண்டின் நடுப்பகுதி ஆயிற்று.

என்னை மிகவும் ஈர்த்தது அதன் பிறகு நடந்ததுதான். ரெட்ஃபீல்டு அந்தப் பாக்டீரியத்தைத் தருவித்து, சோதனையைத் தாமே மீண்டும் செய்து, ஒவ்வொரு கட்டத்தையும் எல்லோரும் படிக்கும்படி எழுதிவந்தார். கட்டுரையில் சொன்ன கரைசலில் அது முதலில் வளரவே மறுத்ததும், குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்த பிறகே வளர்ந்ததும் அந்தப் பதிவுகளில் உள்ளன. அச்சில் வரும் கட்டுரைகளில் இத்தகைய தடுமாற்றங்கள் பெரும்பாலும் மறைந்துவிடும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழுவின் உதவியுடன், நன்கு தூய்மைப்படுத்திய டிஎன்ஏவைப் பரிசோதித்தபோது, அதில் ஆர்செனேட் (ஆர்செனிக் சேர்மம்) இருப்பதாகக் கண்டறிய இயலவில்லை. அந்த முடிவு 2012இன் தொடக்கத்தில் ‘ஆர்க்கைவ்’ களஞ்சியத்தில், இதழில் வெளிவரும் முன்பே யாரும் கட்டணமின்றிப் படிக்கும் முன்பதிப்பாக வந்தது. ‘சயன்ஸ்’ அதை ஜூலையில் வெளியிட்டது. சந்தா கட்ட வசதியில்லாத கல்லூரியின் மாணவருக்கு இந்த இடைவெளியும் இந்த இலவசப் பிரதியும் எவ்வளவு பெரியவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

மூலக் கட்டுரையை ‘சயன்ஸ்’ 2025 ஜூலையில்தான் திரும்பப் பெற்றது. மோசடி ஏதும் இல்லை, சோதனைகள் முடிவுகளுக்கு ஆதாரமாக இல்லை என்பதே ஆசிரியர் குழு சொன்ன காரணம். கட்டுரையாளர்கள் அதை ஏற்கவில்லை. இந்த இடத்தில் நான் கட்டுரையாளர்களின் பக்கம் சாய்கிறேன். ஆய்வு முடிவு தவறாக இருக்கலாம், ஆனால் மறுப்புகளும் அதே இதழில் அச்சாகி, எல்லோருக்கும் கிடைக்கும் நிலையில், அவற்றை மூலக் கட்டுரையின் தலைப்பிலேயே இணைத்துவைத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.