நாக்கை நீட்டு

சேர் போய்விட்டார் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் தொலைபேசியில் சொன்னபோது கையில் குளிசைப் பெட்டி இருந்தது. காலைக் குளிசையை விழுங்க மறந்து அப்படியே இருந்துவிட்டேன். நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார். ரசாயனம் படிப்பித்த சேரைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். ஆய்வுகூடத்துக்குப் பின்னால் நின்ற நாவல் மரத்தையும் அவரையும் சேர்த்து எழுத என்னை விட்டால் ஆளில்லை.

அதில் ஏறக்கூடாது என்பது சட்டம். நாவல் கொப்பு பார்வைக்குத் திடமாக இருக்கும். பாரம் ஏறினால் சடாரென்று முறியும். எட்டாம் வகுப்பில் ஒருநாள், இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் நான் மேலேதான் இருந்தேன். வகுப்புக்குள் நுழைந்ததும் சேர் வேறொன்றும் கேட்கவில்லை.

"நாக்கை நீட்டு."

நீட்டினேன். கருநீலம். வாங்கின் மேல் ஏறி, நீட்டிய நாக்கோடு பாடம் முடியும்வரை நிற்கச் சொன்னார். வகுப்பே சிரித்தது. துவர்ப்பில் வாய் ஏற்கனவே இறுகியிருந்தது. நாக்குக் காய்ந்து பலகையாகிவிட்டது. அழுகையை விழுங்கக்கூட வாயில் ஈரமில்லை.

பிறகு என் பையில் நசுங்கிக் கிடந்த பழங்களை எடுத்துச் சாறு பிழிந்தார். ஒரு சோதனைக்குழாயில் தேசிக்காய்ப் புளி: சாறு விட்டதும் இளஞ்சிவப்பு. மற்றதில் சவர்க்காரத் தண்ணீர்: ஊதா மறைந்து நீலம், கொஞ்ச நேரத்தில் பச்சைச் சாயல். எல்லோரும் என்னை மறந்து குழாய்களைப் பார்த்தார்கள். அமிலமும் காரமும் அன்று எனக்குள் இறங்கியதுபோல் பிறகு எந்தப் புத்தகத்திலிருந்தும் இறங்கவில்லை. வெள்ளைச் சேட்டில் பட்ட கறை சவர்க்காரம் போட்டதும் ஏன் நீலமாகிறது என்று அன்று பின்னேரம் அம்மாவுக்கு விளக்கினேன்.

ஆனாலும் அவரை மன்னிக்கவில்லை. ஒரு கிழமை முகம் கொடுக்கவில்லை. அடுத்த திங்கள் ஆய்வுகூட வாசலில் மறித்தார். "விழுந்த பழத்தின்ரை கொட்டையளைப் பொறுக்கித் தருவியோ? எனக்குச் சலரோகம்." கடைசிச் சொல்லை மிக மெதுவாகச் சொன்னார். அது வேறு யாருக்கும் தெரியாது என்பது பிறகுதான் விளங்கியது. மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவேயில்லை. எனக்கு அதற்குமேல் தேவைப்படவும் இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பருவமும் பொறுக்கினேன். சதையைக் கழுவி, நிழலில் நாட்கணக்காகக் காயவிட்டு, மேல்தோல் நீக்கி, இடித்து, அரித்துக் கொடுப்பேன். பல்முரசு வீங்கி வரும் விடுதிப் பிள்ளைகளுக்கு நாவல் பட்டையை அவித்து, அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைப்பார். வயிற்றோட்டத்துக்கும் பட்டைக் கசாயம்தான். ஆனால் கொட்டைத்தூளை நம்பிக் குளிசையை நிறுத்தக்கூடாது என்பதில் மிகக் கண்டிப்பு. 2004இல் வெளிவந்த ஒரு பிரேசில் ஆய்வு, நாவல் இலைத் தேநீர் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கவில்லை என்றது. "இலை வேறை, கொட்டை வேறை" என்று சேர் நிச்சயம் வாதாடியிருப்பார். வாதாடிக்கொண்டே தன் குளிசையையும் போட்டிருப்பார்.

நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்ட கிழமை மரம் பூத்திருந்தது. சொல்லிக்கொள்ளப் போனேன். "பழம் விழமுன்னம் போறாய், என்ன?" என்றார். "வந்து பொறுக்கித் தருவன் சேர்" என்றேன்.

எத்தனையோ பருவம் போயிற்று. பிள்ளைகள், வேலை, வீட்டுக்கடன். லீவு கிடைத்த இரண்டு முறையும் மார்கழி. மரத்தடியில் சருகு மட்டும். இரண்டாம் முறை எனக்கும் சலரோகம் வந்துவிட்டதைச் சொன்னேன். சேர் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய், ஒரு பேணியைக் கொண்டுவந்து கையில் வைத்தார். அந்த வருடத்துக் கொட்டைத்தூள். பக்கத்து வீட்டுப் பெடியன் பொறுக்கித் தந்ததாம். நான் பொறுக்கியிருக்க வேண்டியது.

பேணியின் அடியில் இன்னும் ஒரு கரண்டித் தூள் கிடக்கிறது. இன்று காலையும் திறந்து மணந்துவிட்டு மூடி வைத்தேன்.