ஒழுகலைப் பிடித்துவிட்டேன், டேப் தீர்ந்துவிட்டது

ஆறு வாரமாக ஆட்டம் காட்டிய கூரை ஒழுகல் போன வாரம் கையும் களவுமாக மாட்டியது. அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

டிராவலர் வேனே வீடு என்று ஆன பிறகு எங்களுக்கு இது இரண்டாவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் வேதாரண்யம் பக்கம் நின்றிருந்தபோது கட்டில் தலைமாட்டில் சொட்டத் தொடங்கியது. நேர் மேலே, காற்றோட்டத்துக்காகக் கூரையில் வைத்த ஃபேன் வென்ட். சரி, இவன்தான் என்று சுற்றிலும் சிலிகான் பூசினேன். அடுத்த மழையிலும் அதே இடத்தில் சொட்டு. இன்னொரு ட்யூப் காலி. மூன்றாம் முறை மனைவி ஒன்றும் பேசாமல் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சொட்டுற இடத்துல ஓட்டை இருக்காதுங்க தம்பி" என்றார் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை மேஸ்திரி. கூரைத் தகட்டுக்கும் உள்ளே அடித்த ப்ளைவுட்டுக்கும் நடுவில் இறங்கும் தண்ணீர், வண்டி சாய்ந்திருக்கும் பக்கமாக ஓடி, முதலில் கிடைக்கும் சந்தில் வெளியே வரும். வேதாரண்யத்தில் பின்பக்கம் தாழத்தான் நிறுத்தியிருந்தேன். அப்படியென்றால் ஓட்டை முன்னால் எங்கோ இருக்க வேண்டும்.

மழைக்குக் காத்திருக்காமல் காற்றை வைத்தே தேடினோம். வென்ட், சிங்க் வடிகால், கதவு இடுக்கு எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் அடைத்து, ஒரு ஜன்னலில் அட்டையைப் பொருத்தி, அதில் ஏர் ப்ளோயரைச் செருகி உள்ளே ஊதவிட்டோம். கூரையில் ஷாம்பு தண்ணீரைத் தூரிகையால் தடவினேன். அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. டேஷ்போர்டு ஏசி வென்ட்டை அடைக்க மறந்திருக்கிறேன். அதையும் அடைத்ததும், சோலார் பேனலைக் கூரையோடு பிடித்திருக்கும் பிராக்கெட் ஒன்றின் ஓரத்தில் பொடிப் பொடியாகக் குமிழ்கள்! கட்டிலுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால். ஃபேன் வென்ட்டில் ஒரு குமிழ்கூட இல்லை. பாவம், அதன் மேல் இரண்டு ட்யூப் பழி.

பிராக்கெட்டைக் கழற்றினால் வயிறு எரிந்தது. வேனை வீடாக்கிக் கொடுத்தவர்கள் தகட்டில் நேரடியாக, தானே துளையில் மரை வெட்டிக்கொண்டு இறங்கும் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவை ஏற்றி, மேலே ஒரு பொட்டு சிலிகான் வைத்திருக்கிறார்கள். வினிகர் வாடை அடிக்கும் ரகம். அந்த அமிலம் வெறும் இரும்பைத் தின்னும். அடியில் வட்டமாகத் துரு.

அந்தச் சிலிகானைச் சுரண்டியதுதான் இந்த வேலையில் பெரிய பாடு. மிச்சம் இருந்தால் எதுவும் ஒட்டாது, புது சிலிகான்கூட ஒட்டாது. இரும்புச் சுரண்டி பெயின்ட்டைக் கிழிக்கும் என்பதால் காலாவதியான ஏடிஎம் கார்டை வெட்டிச் சுரண்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். நான்கு பிராக்கெட்டுக்கு ஒன்றரை நாள். அப்புறம் எமரி, எபாக்ஸி பிரைமர். ஸ்க்ரூவுக்குப் பதில் 6 மில்லிமீட்டர் போல்ட், உள்ளே அகலமான வாஷர், அதிர்விலும் தளராத நைலாக் நட். அதற்காக சீலிங்கைத் திறக்க வேண்டியிருந்தது. மெத்தை பட்டறை வாசலில், சமையலும் அங்கேயே. ஆபரேஷன் தியேட்டருக்குள் குடித்தனம்!

பிராக்கெட்டுக்கு அடியில் வைக்கும் பியூட்டைல் டேப்பில் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) அவசரப்படாதீர்கள். டிரில்லை வைத்து ஒரே மூச்சில் முறுக்கினால் எல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும், அடியில் ஒன்றும் மிஞ்சாது. ஸ்பானரால் கொஞ்சம் முறுக்கி, வெயிலில் விட்டு, மறுநாள் மறுபடி முறுக்கி, பிதுங்கியதை ப்ளாஸ்டிக் கத்தியால் சீவினேன். மேலே பூச, பஸ் கண்ணாடி ஒட்டும் பியூ (பாலியூரிதேன்) பசையை 600 மில்லி சாசேஜ் பாக்கெட்டில் நீட்டினார் மேஸ்திரி. அதைப் பிதுக்கும் சாசேஜ் கன் என்னிடம் இல்லை; இருந்தாலும் அது வேண்டாம், அடுத்த ஜென்மத்தில்தான் பேனலைக் கழற்ற முடியும். வெயில் தாங்கும் எம்எஸ் பாலிமர் சீலன்ட்டே போதும்.

மூன்று பிராக்கெட் முடிந்தது, டேப்பும் தீர்ந்தது. ஆன்லைனில் புது ரோல் போட்டிருக்கிறேன். வீட்டு முகவரி கேட்டதற்கு, வழக்கம்போல எதிர் டீக்கடை. அதோடு வேனின் தண்ணீர் பம்ப்புக்கு, தண்ணீரைத் திரும்ப விடாத செக் வால்வும் வருகிறது. குழாய்களை எல்லாம் மூடினாலும் இரவு 2 மணிக்கு பம்ப் தானாக 'டுர்ர்' என்கிறது.

நான்காவது பிராக்கெட்டைத் தார்ப்பாயால் மூடி, முன்பக்கம் தாழ வண்டியை நிறுத்தியிருக்கிறேன். ஒழுகினால் டிரைவர் சீட்டில் ஒழுகட்டும். அங்கே வாளி வைத்தாயிற்று.