இலை விடும் நீர்

மாடியில் செம்பருத்திக் கிளையொன்றின் மேல், விடியற்காலைக் காற்றில் பறந்து வந்த பாலித்தீன் பையொன்று கவிழ்ந்து மாட்டியிருந்ததை இன்று பத்து மணி வெயிலில்தான் பார்த்தேன்.

பையின் உட்புறம் முழுவதும் வேர்த்திருந்தது. விரலால் மெல்லத் தட்டியதும் சிறு துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்து, அடி மூலையில் கண்ணாடித் தெளிவாகத் தேங்கின.

மழையே இல்லை. அத்தனையும் ஏழெட்டு இலைகள் விட்ட நீர்.

வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கும் மேல் பெரும்பாலான செடிகளில் தங்குவதில்லை; கரியமில வாயுவை எடுக்கத் திறக்கும் இலைத்துளைகள் வழியாகவே அது ஆவியாகிவிடுகிறது. இதை வீண் இழப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் நீரை மேலே இழுப்பதே இந்த ஆவியாதல்தான். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால், சைலம் என்னும் உயிரற்ற செல்களாலான நுண்குழாய்களில், இலை முதல் வேர் வரை அறுபடாத நீரிழை நீள்கிறது. அயர்லாந்தின் டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இரு அறிவியலாளர்கள் 1890களில் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள்.

எங்கள் மூன்று மாடிக்கு நீரேற்ற மோட்டார் ஓட வேண்டும். தெருவிலுள்ள தூங்குமூஞ்சி மரம் அதைவிட உயரத்துக்கு ஓசையின்றி ஏற்றுகிறது.

நிழலோடு, ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்வதாலும் கத்திரி வெயிலில் மரத்தடி குளிர்கிறது. மண் காய்ந்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். அந்தக் குளிர்ச்சியும் குறையும். நம் சென்னைத் தெருக்களிலோ, ஒரு சொட்டு மழைநீரும் இறங்காதபடி அடிமரம் வரை சிமென்ட் பூசி வைத்திருக்கிறோம்.