முற்பகல் 11 மணிக்கு வீட்டில் இருந்தவர்கள்

பென்னாகரம் பக்கத்தில் தாத்தா கட்டிய மண்சுவர் வீட்டைப் பிரித்துக் கட்டப்போகிறோம். நேற்று மேஸ்திரி வந்து அளந்துவிட்டுப் போனார். அப்போதிலிருந்து 2023-ஆம் ஆண்டின் நிலநடுக்கங்கள் மனதை விட்டு அகலவில்லை.

பிப்ரவரி 6 அதிகாலை துருக்கியில் 7.8 அளவு நிலநடுக்கம். சுமார் 9 மணி நேரம் கழித்து 7.5. சிரியாவையும் சேர்த்து 50,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். செப்டம்பர் 8 இரவு மொராக்கோவின் அட்லஸ் மலைக் கிராமங்கள். நவம்பரில் நேபாளத்தின் ஜாஜர்கோட்.

என்னை உலுக்கியது ஹெராத். ஆப்கானிஸ்தான், அக்டோபர் 7. அளவு 6.3தான், ஆனால் மண்கல் வீடுகள் கூரையோடு அமர்ந்துவிட்டன. ஆண்கள் பலர் வெளியே வேலையில் இருந்த முற்பகல் நேரம். இறந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்களும் குழந்தைகளும் என்றது ஐ.நா. அந்த எண்ணை இன்றும் என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. 4 நாளில் மறுபடியும் 6.3.

எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் அம்மா களி கிண்டிக்கொண்டிருப்பார். திண்ணையில் அக்காவின் கைக்குழந்தை.

நிலம் அதிர்ந்தாலும் சுவர்கள் பிரியாமலிருக்க, கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் நான்கு சுவரையும் சுற்றிக் கம்பி கட்டி கான்கிரீட் பட்டை போடச் சொன்னேன்.

"நம் ஊருக்கு எதற்குத் தம்பி?" என்றார் மேஸ்திரி.

"போடுங்கள் அண்ணா. கம்பிக்கு இன்றே பணம் தருகிறேன்."