டைனமோவில் கேட்ட குரலும் புஷ் ஹோலில் கேட்ட தாளமும்

கடந்த 2025 ஓகஸ்டில், நல்லூர்த் திருவிழாவுக்காக லண்டனிலிருந்து வந்திருந்த என் அத்தானை மல்லாவிக்கு அழைத்துச் சென்றேன். மல்லாவியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் என் பால்ய நண்பனும் அவனுடைய தமக்கையும் ஒரு வருடமாக அவரை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். 2024 ஓகஸ்டில் லண்டன் புஷ் ஹோலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ரொக் இசைக்குழுவினர் மீண்டும் கூடி வாசித்தபோது, அந்தச் சிறிய மண்டபத்துக்குள் நெருக்கியடித்து நின்ற சுமார் 400 பேரில் அத்தானும் ஒருவர்.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட பஸ் ஆனையிறவையும் பரந்தனையும் கிளிநொச்சியையும் விரைவாகவே கடந்துவிட்டது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் வழக்கம்போல் நிறுத்தினார்கள். இறங்கிக் கும்பிட்டுவிட்டு, சுடச்சுடக் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். மாங்குளத்தில் இறங்கி மேற்கே திரும்பும் பாதையில் போகும்போது, சிறுபோக நெல்லைத் தெருவோரம் பரவிக் காயவிட்டிருந்தார்கள். வழி முழுவதும் நான் அந்த நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தேன். அத்தான் மட்டும், எல்லோரும் இருக்கும்போதுதான் சொல்லுவேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். அது சரியான முடிவு என்றே இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் அந்த இசையை நாங்கள் ஒருநாளும் தனித்தனியாகக் கேட்டதில்லை.

நாங்கள் கேட்ட விதத்தைச் சொல்லாமல் அன்றைய வாக்குவாதத்தைச் சொன்னால் அது விளங்காது. 1989 இல் அத்தான் ஒரு வெற்றுக் கசற்றில் அந்தக் குழுவின் பாடல்களைப் பதிந்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். 1995 ஒக்டோபர் 30 இல் போரினால் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது அது என் உடுப்புப் பையில் கிடந்தது; தென்மராட்சியில் சில மாதங்கள் தங்கி, கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து, 1996 இல் மல்லாவிக்கு வந்து சேர்ந்தபோதும் அது என்னோடுதான் இருந்தது. ஆனால் அங்கே மின்சாரம் இல்லை, பற்றரியோ தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. இரவில் படிப்பதற்கே ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரி எரித்த காலம் அது.

ஆகவே சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டி, இருக்கையும் ஹாண்டிலும் நிலத்தில் ஊன்றி நிற்க, பின்சில்லோடு டைனமோவை அழுத்திவிட்டுப் பெடலைக் கையால் சுற்றினோம். டைனமோ தருவது மாறுதிசை மின்னோட்டம் என்பதால், பழுதான வானொலிகளிலிருந்து கழற்றிய டயோட்டுகளையும் ஒரு கப்பாசிற்றரையும் இடையில் பற்றவைத்து, நான்கு பற்றரி போடுகின்ற ஒரு சிறிய ரேப் ரெக்கோடருக்குக் கொடுத்தான் என் நண்பன். அந்த வயதிலேயே அவனுக்குக் கைவேலை அப்படி வரும். பாட்டு முடியும்வரை ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். கை சோர்ந்தால் மோட்டர் தளரும். உடனே மேளம் ஆறுதலாக நடக்கத் தொடங்கும், ஜோனி ரொட்டன் என்ற பாடகர் ஜோன் லைடனின் கிறீச்சிட்ட குரல் தொண்டை கட்டிய கிழவரின் குரலாக இறங்கும், சுற்றிவர நிற்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் "சுத்தடா, சுத்தடா" என்று கத்துவார்கள். பாட்டுக்கு ஓராளாக முறைவைத்துச் சுற்றியதால், ஒவ்வொரு பாட்டும் அதைச் சுற்றியவனுடைய பாட்டாகவே எங்கள் நினைவில் நிற்கிறது. அவற்றின் உண்மையான வேகம் எதுவென்று பல வருடங்களின் பின் கொழும்பில்தான் நான் அறிந்தேன்.

அந்தக் குழு 1978 ஜனவரியில் அமெரிக்காவில் கலைந்துவிட்டது என்பதும், அதில் பேஸ் கிற்றார் என்ற தாழ்ந்த ஒலிக் கிற்றார் வாசித்த சிட் விஷஸ் அடுத்த வருடமே இறந்துவிட்டார் என்பதும் கசற்றோடு வந்த கடிதத்தில் இருந்தன. 1996 ஜூனில், ஏறத்தாழ நாங்கள் டைனமோ சுற்றிக்கொண்டிருந்த அதே நாள்களில், லைடனும், கிற்றார் வாசிக்கும் ஜோன்சும், மேளம் அடிக்கும் குக்கும், சிட் விஷஸுக்கு முன் பேஸ் கிற்றார் வாசித்த மட்லொக்கும் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் பெருங்கூட்டத்தின் முன் மீண்டும் ஒன்றாக வாசித்தார்கள். அதை 2002 இல் ஏ9 பாதை திறந்து, அத்தான் முதன்முறையாக வன்னிக்கு வந்தபோதுதான் நாங்கள் கேள்விப்பட்டோம். செய்தி வந்து சேர ஆறு வருடங்கள் ஆகியிருந்தன.

நண்பனுடைய கடைக்குப் பின்னால் ஒரு பெரிய பாலை மரம் நிற்கிறது. அதன் கீழ் பாய் விரித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தபடி அத்தான் சொல்லத் தொடங்கினார். புஷ் ஹோல் 1904 இல் ஆடல் மண்டபமாகக் கட்டப்பட்டது; இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே பசித்தவர்களுக்கு சூப் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். பணமுடையால் மூடப்படும் நிலைக்கு வந்த அந்த மண்டபத்துக்கு நிதி சேர்க்கவே ஸ்டீவ் ஜோன்ஸ், போல் குக், கிளென் மட்லொக் ஆகிய மூவரும் கூடினார்கள். ஜோன்சும் குக்கும் பள்ளித் தோழர்கள், அந்தப் பகுதியிலேயே வளர்ந்தவர்கள். லைடன் வரவில்லை. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பாடல்களைப் பயன்படுத்துவது தொடர்பாக 2021 இல் ஜோன்சும் குக்கும் அவருக்கு எதிராக வழக்குத் தொடுத்து வென்றிருந்தார்கள். உறவு அவ்வளவுக்கு முறிந்திருந்தது. அவருடைய இடத்தில் நின்று பாடியவர், மற்றவர்களைவிட ஒரு தலைமுறை இளையவரான ஃபிராங்க் கார்ட்டர்.

"குக் முதல் அடி போட்டவுடனேயே நெஞ்செலும்பு அதிர்ந்தது," என்றார் அத்தான். அதைச் சொல்லும்போது வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்து இருமுறை தட்டிக் காட்டினார். 1977 இல் வெளிவந்த தங்கள் ஒரேயொரு முழு இசைத்தட்டிலுள்ள பாடல்கள் எல்லாவற்றையும் அன்றிரவு அவர்கள் வாசித்தார்கள். கார்ட்டர் கூட்டத்துக்குள் இறங்கிப் பாட, எழுபதை நெருங்கிய மூவரும் மேடையில் நின்ற நிலையிலேயே சற்றும் பிசகாமல் கொண்டுபோனார்கள். பெரிய திடலில் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் ஜோன்சின் விரல் கம்பியில் நகர்வதைப் பத்தடி தூரத்தில் நின்று பார்ப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை விளக்க அவர் மிகவும் முயன்றார். முடியாமற்போய், கொண்டுவந்த கறுப்பு ரீசேட்டை எடுத்து நண்பனிடம் கொடுத்தார்.

நண்பன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "அண்ணை, லைடன் இல்லாட்டி அது அந்தக் குழு இல்லை. பேரை மட்டும் வைச்சிருக்கினம்," என்றான். கிற்றாரும் மேளமும் அதே ஆள்களின் கையில் இருக்கும்போது எப்படி அப்படிச் சொல்லலாம் என்று அத்தான் கேட்க, குரலைக் கேட்டுத்தானே யாருடைய பாட்டு என்று கண்டுபிடிக்கிறோம் என்று அவன் மறுத்தான். இருவரும் உண்மையாகவே கோபப்பட்டார்கள். எனக்கு அப்போதுதான் ஒரு விடயம் பொறிதட்டியது: அந்தச் சிறிய ரேப் ரெக்கோடரின் உள்ளங்கையளவு ஒலிபெருக்கியில் பேஸ் கிற்றார் என்பது எங்களுக்குக் கேட்டதே இல்லை. மேளத்தில்கூடச் சலங்கைபோன்ற மேலோசை மட்டுமே வரும். குரல் ஒன்றுதான் முழுதாக வந்தது. எங்களுக்குக் கிடைத்த செக்ஸ் பிஸ்டல்ஸ் லைடனின் தொண்டையும் அதற்குப் பின்னால் ஓர் இரைச்சலுமாகவே இருந்திருக்கிறது. அத்தானுக்கோ லண்டனில் தொடக்கத்திலிருந்தே முழுக் குழுவும் கேட்டிருக்கிறது.

நண்பனின் தமக்கை அதுவரை பேசாமல் இருந்து, பின்னர் உள்ளே போய் ஒரு கொப்பியை எடுத்துவந்தார். இடம்பெயர்ந்து மரங்களின் கீழ் நடந்த பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்தவர் அவர். நாங்கள் சுற்றச்சுற்ற, கேட்டுக் கேட்டு அந்தப் பாடல்களின் சொற்களை நீல மையால் எழுதி, கீழே பென்சிலால் தமிழ்க் கருத்தும் எழுதி வைத்திருந்தார். விளங்காத சொற்களுக்குக் கோடு போட்டு இடம் விட்டிருந்தார். சில வரிகளில் சொற்களைவிடக் கோடுகளே அதிகம். கசற் 2009 இல் தொலைந்துபோயிற்று. சான்றிதழ்களும் காணி உறுதியும் இருந்த பையில் கிடந்ததால் கொப்பி மட்டும் தப்பியது. அந்த அக்காவின் வாதம் வேறு. சொற்களைப் பெரும்பாலும் எழுதியவர் லைடன். எழுதியவர் வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கும்போது அவருடைய சொற்களை வேறொருவர் பாடிக் கைதட்டு வாங்குவது தமக்கு மனத்துக்கு ஒப்பவில்லை என்றார். அத்தானுக்கு அதற்கு உடனே பதில் வரவில்லை.

என் எண்ணத்தையும் கேட்டார்கள். நான் அத்தானின் பக்கம் என்றேன். லைடன் 1975 இல் வந்து சேர்வதற்கு முன்பே ஜோன்சும் குக்கும் ஒன்றாக வாசித்துக்கொண்டிருந்தவர்கள். பாடல்களை உருவாக்குவதில் பெரும் பங்கு வகித்த மட்லொக் 1977 தொடக்கத்திலேயே நீங்கிவிட்டதால், இசைத்தட்டில் பேஸ் கிற்றாரின் பெரும்பகுதியை ஜோன்ஸே வாசிக்க வேண்டியிருந்தது. தாம் சேர்ந்து உருவாக்கிய பாடல்களை, தம்முடைய கை பெரும்பாலும் பதியாமற்போன அந்த இசைத்தட்டின் பாடல்களை, மட்லொக் எழுபதை நெருங்கும் வயதில் நானூறு பேர் முன்னால் முழுவதுமாக வாசித்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. அதோடு, ஊர்ச் சனசமூக நிலையத்தின் கூரைக்கு ஓடு போடுவதற்கு நாடகம் போட்டுக் காசு சேர்ப்பவர்கள் எங்கள் ஆள்கள். அரசனுக்கு நடித்த அண்ணர் கோபித்துக்கொண்டு வரவில்லை என்பதற்காக நாடகத்தை நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. யாரோ ஒரு தம்பி வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு மேடையேறுவான். அத்தான் பெரிதாகத் தலையாட்டினார். அக்கா மட்டும், "அந்த அண்ணர் வசனம் எழுதினவர் இல்லையே," என்றார். அது சரியான மறுப்பு. அதற்கு என்னிடம் இன்னும் விடை இல்லை.

வெயில் தாழ்ந்த பிறகு, நண்பனின் மகன் கொண்டாட்டங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைக் கடைக்குள்ளிருந்து உருட்டிவந்து, அத்தானின் கைபேசியில் இருந்த புஷ் ஹோல் ஒளிப்பதிவை அதில் போட்டான். அக்கா கொப்பியை விரித்து விரலை வரிகளின் மேல் ஓட்டிக்கொண்டே போனார். கார்ட்டர் சொற்களைத் தெளிவாக உச்சரித்ததால் கோடு போட்டிருந்த மூன்று இடங்களை அங்கேயே பென்சிலால் நிரப்பினார். நண்பன் பெட்டிக்கு அருகே குந்தியிருந்து, ஒலிபெருக்கியின் வலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். இரண்டாவது பாட்டின் நடுவில், "அந்தக் கீழ்ச் சத்தம் ஆற்றை?" என்று கேட்டான். மட்லொக் என்றார் அத்தான். மகனிடம் சொல்லி அந்தப் பாட்டை மட்டும் மூன்றுமுறை திரும்பப் போடுவித்தான். மூன்றுமுறையும் கையை எடுக்கவில்லை.

மாங்குளத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு நாங்கள் எழுந்தபோது அவன் தெருமுனைவரை வந்தான். ரீசேட்டை அப்போதே போட்டுக்கொண்டிருந்தான். பஸ் வந்து நின்றதும் அத்தானின் கையைப் பிடித்து, "அண்ணை, தொண்ணூற்றாறில லைடன் பாடின பதிவு இருந்தா அதையும் அனுப்பிவிடுங்கோ. ரெண்டையும் இந்தப் பொக்ஸிலயே போட்டுக் கேட்டிட்டுத்தான் நான் இனிக் கதைப்பன்," என்றான்.